பழைய கான்செர்டினாவுக்கு என்ன விலை கொடுக்கலாம்?

மும்பை செம்பூரில் பஜனைக்கு ஹார்மோனியம் வாசிக்கிறேன், ஓய்வு நேரத்தில் பழைய பெட்டிகளைப் பிரித்துச் சரிசெய்கிறேன் என்று தெரிந்தவர்கள் அவ்வப்போது ஒரு போட்டோ அனுப்புவார்கள். "சோர் பஜாரில் பார்த்தேன், பதினைந்தாயிரம் சொல்கிறான், வாங்கலாமா?" முன்பெல்லாம் அது ஹார்மோனியமாகவோ சுருதிப் பெட்டியாகவோ இருக்கும். இப்போது கான்செர்டினா படங்களும் வருகின்றன. ஆறு மூலைப் பெட்டி, நடுவில் துருத்தி, இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்னப் பட்டன்கள். அயர்லாந்து இசையை யூட்யூபில் கேட்டுக் கிறங்கிப்போன பிள்ளைகள், பழைய பொருள் சேர்ப்பவர்கள், தாத்தா வீட்டுப் பரணில் கிடந்ததை எடுத்து வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் என்று பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: நியாயமான விலை என்ன?

போட்டோவைப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது. ஆனால் எப்படிக் கணக்குப் போடுவது என்று சொல்லலாம். அதை ஒருமுறை விரிவாக எழுதிவைத்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. ஒன்றுக்கும் ஆகாத பெட்டியை அதன் பளபளப்பைப் பார்த்துப் பெரும் பணம் கொடுத்து வாங்கி, சரிசெய்ய வழியில்லாமல் ஷோகேஸில் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அருமையான வாத்தியத்தை அதன் மதிப்பு தெரியாமல் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிட்ட குடும்பங்களையும் தெரியும். இரண்டாவதுதான் எனக்குத் தாங்கவே முடியாதது.

முதலில் இது எங்கிருந்து வந்த சாமான் என்று கொஞ்சம். ப்ளஸ் டூ இயற்பியலில் வீட்ஸ்டன் சமனச்சுற்று படித்தோமே, அந்த சார்லஸ் வீட்ஸ்டன்தான் இதை உருவாக்கியவர். (அந்தச் சுற்றை முதலில் 1833-ல் சொன்னவர் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி, பத்து வருடம் கழித்து வீட்ஸ்டன் அதைப் பிரபலப்படுத்த, பெயர் இவரிடம் தங்கிவிட்டது.) வீட்ஸ்டன் குடும்பம் லண்டனில் இசைக்கருவி வியாபாரம் செய்துவந்தது. 1829-ல் வாயால் ஊதும் சிம்ஃபோனியம் என்ற சிறு கருவிக்கும், 1844-ல் கான்செர்டினாவுக்கும் அவர் காப்புரிமை பெற்றார். அவருக்குக் கருவிகள் செய்து தந்துகொண்டிருந்த லூயி லாச்செனல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1858 வாக்கில் பிரிந்துபோய்த் தனியாகத் தொழில் தொடங்கினார். லாச்செனல் பட்டறை ஏராளமாகச் செய்து, விலையைக் குறைத்து, சாதாரண மக்கள் கைக்கு இதைக் கொண்டுபோனது. இன்று பழைய சந்தையில் அதிகம் கண்ணில் படுவதும் லாச்செனல்தான். வீட்ஸ்டன் எண்ணிக்கையில் குறைவு, தரத்தில் பெரும்பாலும் ஒரு படி மேல். சார்லஸ் ஜெஃப்ரீஸ் என்ற இன்னொரு தயாரிப்பாளரின் பெயர் பொறித்தது கிடைத்தால் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க வேண்டும். இன்று அதிக விலை போகும் கான்செர்டினாக்களில் அதுவும் ஒன்று.

வகையும் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலீஷ் கான்செர்டினாவில் ஒரு பட்டனை அழுத்தினால் துருத்தியை இழுத்தாலும் தள்ளினாலும் ஒரே ஸ்வரம். ஆங்லோ என்பதில் மவுத் ஆர்கன் போல இழுக்க ஒரு ஸ்வரம், தள்ள வேறு ஸ்வரம். அயர்லாந்துக்காரர்கள் வாசிப்பது பெரும்பாலும் ஆங்லோ. அதனால்தான் ஒரே பட்டறையில் ஒரே தரத்தில் செய்த இரண்டில், 30 பட்டன் ஆங்லோவின் விலை 48 பட்டன் இங்கிலீஷைவிட மேலே நிற்கிறது. வாத்தியம் உயர்ந்தது என்பதால் அல்ல, கேட்கிற ஆள் அதிகம் என்பதால். பாட்டுக்குத் துணையாக வாசிக்க நினைக்கும் நம் ஊர்க்காரருக்கு இங்கிலீஷ் வகையே வசதி என்பது என் அபிப்பிராயம். அது விலையும் குறைவாக இருப்பது நமக்கு அதிர்ஷ்டம்.

மும்பைக்கு இது எப்படி வந்தது என்றால், வெள்ளைக்காரக் குடும்பங்கள், கப்பல்காரர்கள், பள்ளிக்கூடங்கள் எல்லாம் உண்டு. ஆனால் தமிழர்களோடு ஒட்டிய வழி இரட்சணிய சேனை, அதாவது சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பு. 1882 செப்டம்பரில் பம்பாயில்தான் அவர்கள் முதலில் இந்திய மண்ணில் கால்வைத்தார்கள், ஃபிரெடெரிக் டக்கர் தலைமையில் நான்கு பேர். அப்புறம் நாகர்கோவில் பக்கம் அவர்கள் வேர்பிடித்த கதை ஊருக்கே தெரியும். தெருமுனையில் நின்று பாடுகிறவர்களுக்கு ஹார்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது கஷ்டம். கான்செர்டினா கைக்குள் அடங்கும், நின்றுகொண்டே வாசிக்கலாம், சத்தமும் தெருக்கோடி வரை போகும். உலகம் முழுக்க இரட்சணிய சேனைக்காரர்கள் இதை விரும்பி எடுத்ததற்கு அதுதான் காரணம். பிழைப்புக்காக நாஞ்சில் நாட்டிலிருந்து மும்பைக்கு வந்த குடும்பங்களில் சில, டிரங்குப் பெட்டியோடு இதையும் கொண்டுவந்திருக்கின்றன.

சரி, விலைக்கு வருவோம்.

உடைந்த பெட்டியின் விலையை அந்த உடைந்த பெட்டியைப் பார்த்துத் தொடங்கக் கூடாது. முழுக்கச் சரிசெய்து, சுருதி சேர்த்து, வாசிக்கத் தயாராக இருந்தால் இதே மாடல் என்ன விலைக்குப் போகும் என்பதில் தொடங்க வேண்டும். அங்கிருந்து சரிசெய்யும் செலவைக் கழிக்க வேண்டும். பிரித்துப் பார்க்காமல் வாங்கினால் உள்ளே என்ன இருக்குமோ என்ற ஆபத்துக்கும் ஒரு தொகை கழிக்க வேண்டும். சரிசெய்கிறவரின் உழைப்பைச் சும்மா என்று வைத்துக்கொள்ளக் கூடாது, அந்த ஆள் நீங்களே ஆனாலும். மிச்சம் நிற்பதுதான் கொடுக்கத் தகுந்த விலை.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. சரிசெய்யும் செலவு வாத்தியத்தின் தரத்தைப் பார்ப்பதில்லை. மட்டமான பெட்டிக்குப் புதுத் துருத்தி போட்டாலும், உயர்ந்த பெட்டிக்குப் போட்டாலும் வேலை கிட்டத்தட்ட அதே வேலைதான். பேடு (காற்றுத் துளையை மூடும் சின்ன மெத்தை) மாற்றுவது, வால்வு (காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் தோல் நாக்கு) ஒட்டுவது, சுருதி சேர்ப்பது எல்லாமே அப்படித்தான். லண்டன் பக்கம் ஒரு முழுச் சீரமைப்பு பல நூறு பவுனை (தங்கப் பவுன் இல்லை, பிரிட்டிஷ் பணம்) எளிதாகத் தின்றுவிடும். பித்தளை ரீடு (காற்றில் அதிர்ந்து ஸ்வரம் தரும் மெல்லிய தகடு) போட்ட 20 பட்டன் சாதா ஆங்லோவைச் சரிசெய்து முடித்தால், விற்கிற விலை அந்தச் செலவைத் தாண்டுவதே சந்தேகம். ஆகவே அது உடைந்து கிடந்தால் அதன் நியாய விலை உதிரிபாக விலைதான். யாராவது "நூற்றைம்பது வருடப் பழசு சார்" என்று சொன்னாலும் அதேதான். அதே நிலைமையில், அதே அளவு கிழிந்த துருத்தியோடு ஒரு நல்ல ஜெஃப்ரீஸோ, வீட்ஸ்டனின் ஏயோலா என்ற உயர்தர எண்கோண மாடலோ கிடைத்தால், செலவு போகவும் பெரிய தொகை மிஞ்சும். ஏனென்றால் சரிசெய்து முடித்தால் அவை ஆயிரக்கணக்கான பவுனுக்குப் போகும். மலிவு மாடலில் நிலைமைதான் விலை. உயர்ந்த மாடலில் பெயரும் ரீடும்தான் விலை. பழசு என்பதற்குத் தனியாக விலை கிடையாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்ஸ்டனாக இருந்தால் வயது கண்டுபிடிப்பது சுலபம். அவர்களுடைய கணக்குப் புத்தகங்களில் பெரும்பகுதி லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பக்கங்களை ஸ்கேன் செய்து எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். பெட்டியில் இருக்கும் வரிசை எண்ணை அதில் தேடினால் பல சமயம் எந்த மாதம் கணக்கில் ஏறியது, என்ன மாடல் என்பது வரை கிடைக்கும். லேபிளில் இருக்கும் முகவரியும் உதவும்: கான்டூயிட் தெரு என்றால் பழையது, வெஸ்ட் தெரு என்றால் இருபதாம் நூற்றாண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய வீட்ஸ்டன்களில் தரம் படிப்படியாக இறங்கியது. பெயரை மட்டும் பார்த்து விலை கொடுப்பவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். லாச்செனலுக்கு அப்படி விவரமான கணக்குப் புத்தகம் இல்லை. வரிசை எண்ணை வைத்துத் தோராயமாகத்தான் வருடம் சொல்ல முடியும்.

இனி கையில் எடுத்துப் பார்ப்பது. இங்கேதான் எனக்கு நேரம் போவதே தெரியாது.

பட்டன் எதையும் அழுத்தாமல் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறு பக்கத்தை மெதுவாகத் தொங்கவிட வேண்டும். கை கீழே தயாராக இருக்கட்டும். துருத்தி நல்லதாக இருந்தால் நிதானமாக, தயங்கித் தயங்கி விரியும். தடாலென்று விழுந்தால் காற்று எங்கோ ஓடுகிறது. ஓட்டை துருத்தியில் இருக்கலாம், பேடு சரியாக உட்காமல் இருக்கலாம், உள்ளே ரீடுப் பலகை காய்ந்து சுருங்கியும் இருக்கலாம். இந்த மூன்றுக்கும் செலவு வேறு வேறு என்பதால் காரணம் தெரியாமல் விலை பேசக் கூடாது.

அப்புறம் ஒவ்வொரு பட்டனையும் இழுத்து ஒருமுறை, தள்ளி ஒருமுறை. 48 பட்டன் என்றால் 96 ரீடு. சுருதி சேரவில்லை என்றால் கவலை இல்லை. பேசுகிறதா, பேசத் தாமதிக்கிறதா, கரகரக்கிறதா என்பதுதான் கேள்வி. பேசாத ரீடில் பாதி தூசி அடைத்ததாகவே இருக்கும். சில பட்டன்கள் உள்ளே போய்த் திரும்பி வராது. ஸ்பிரிங் போயிருக்கும், அது சின்ன வேலை. மோந்தும் பார்க்க வேண்டும். பூசண நாற்றம் அடித்தால் தோல் கெட ஆரம்பித்துவிட்டது. நாஃப்தலின் உருண்டை வாசனை அடித்தால் யாரோ அக்கறையாக வைத்திருந்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை வரும்.

கடைசியாகத் திறந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் ஆறு மூலையில் ஆறு நீள போல்ட். சரியான அளவு ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் கைவைக்கக் கூடாது, கழற்றிய போல்ட்டுகள் இடம் மாறவும் கூடாது. சோர் பஜாரில் பாதிக் கடைக்காரர்கள் திறக்க விடமாட்டார்கள். அது அவர்கள் உரிமை. திறக்க விடாவிட்டால் உள்ளே மோசமாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டே விலை சொல்லுவேன், அதை அவர்களிடம் வெளிப்படையாகவும் சொல்லிவிடுவேன். ஒரு தடவை அப்படிச் சொன்னதும் கடைக்காரரே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினார்.

உள்ளே பார்க்க வேண்டியது பழைய ரிப்பேரைத்தான். மும்பையின் மழைக்காலம் தோலையும் மரத்தையும் பசையையும் ஒருசேரப் படுத்தும். அந்துப்பூச்சி கம்பளி பேடுகளைத் தின்னும். இவையெல்லாம் காலம் செய்தவை, சரிசெய்துவிடலாம். மனிதர் செய்தது அப்படியல்ல. அந்தக் காலப் பட்டறைகளில் பயன்படுத்திய வச்சிரப் பசை கொஞ்சம் சூடும் ஈரமும் பட்டால் இளகி விட்டுக்கொடுக்கும். எத்தனை தடவை வேண்டுமானாலும் பிரித்து ஒட்டலாம். ஃபெவிகாலும் எம்-சீலும் அப்படி விடாது, மரத்தைப் பெயர்த்துக்கொண்டுதான் வரும். துருத்தி மூலையில் சைக்கிள் ட்யூப் ஒட்டு, ரீடுப் பலகையில் வெள்ளைப் பசை வழிந்த தடம், இவற்றைக் கண்டால் விலையில் தாராளமாகக் குறைக்கலாம். யாரும் தொடாமல் எழுபது வருடம் பரணில் கிடந்த பெட்டி, போன வருடம் "ரிப்பேர்" பார்த்த பெட்டியைவிடப் பல சமயம் மேல்.

சயான் கோலிவாடாவில் ஒரு அம்மா வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். மாமனார் இரட்சணிய சேனைக் கூட்டங்களில் வாசித்த கான்செர்டினா. வீடு மாற்றுகிறார்கள், வைக்க இடமில்லை, பேரப்பிள்ளைகளுக்கு இதில் ஆர்வமும் இல்லை. பழைய சாமான் எடுக்கும் ஒருவர் மூவாயிரம் கேட்டிருக்கிறார். "உள்ளதச் சொல்லுங்க தம்பி, கேட்டியளா? கூட்டியும் வேண்டாம், கொறச்சும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை என் முன்னால் வைத்துவிட்டு அந்த அம்மா காபி போடப் போய்விட்டார்.

மஹாகனி மரம், ஆறு மூலை, 48 பட்டன் இங்கிலீஷ். மரச் சித்திர வேலைப்பாட்டின் நடுவில் முட்டை வடிவத்தில் சின்னக் கண்ணாடி ஜன்னல் மாதிரி ஒரு இடம். அதில் மங்கிய காகித லேபிள், லாச்செனல், லண்டன். போல்ட்டுகளில் ஒன்று மட்டும் அடம்பிடித்தது. வலது பக்கம் திறந்ததும் மனசு நிறைந்தது. சிறிய பித்தளைச் சட்டங்களுக்குள் எஃகு ரீடுகள் நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில், வட்டமாக அடுக்கி, ஓரங்களில் மட்டும் லேசான துரு. விரலால் தொட்டால் ஒட்டாத துரு அது, தேய்த்தால் போய்விடும். ரீடுப் பலகையிலும் துருத்திச் சட்டத்திலும் ஒரே வரிசை எண் அடித்திருந்தது. அதாவது இரண்டு பெட்டிகளைச் சேர்த்து ஒன்றாக்கிய வேலை அல்ல, பிறந்தபடியே இருக்கிறது.

இடது பக்கம் வேறு கதை. அந்தப் பக்கம் கீழாக வைத்துப் பல மழைக்காலம் ஈரச் சுவரோரம் இருந்திருக்கிறது. கீழ் ஸ்தாயி ரீடுகள் சிலவற்றின் அடிப்பகுதியில் துரு குழி பறித்திருந்தது. நுனியில் துரு என்றால் சமாளிக்கலாம். ரீடு அதிர்வதற்கு வளைகிற இடமே அடிதான், அங்கே எஃகு அரித்தால் சுருதி நிற்காது, ஒருநாள் ஒடிந்தும் போகும். ஒரு ரீடை யாரோ எடுத்துவிட்டு, ஹார்மோனியப் பித்தளை ரீடு ஒன்றை வெட்டி அந்த இடத்தில் வெள்ளைப் பசையால் ஒட்டியிருந்தார்கள். வாசித்துப் பார்த்தபோது கரகரத்த ஸ்வரம் அதுதான். வால்வுத் தோல்கள் பல காய்ந்து சுருண்டிருந்தன. பேடுகளில் அந்துப்பூச்சி வேலை.

துருத்தியைப் பார்க்க அந்த அம்மாவிடம் கேட்டு அறை விளக்கை அணைத்தேன், ஜன்னல் திரையை இழுத்தேன். இரு பக்கமும் கழற்றிய துருத்திக்குள் செல்போன் டார்ச்சைப் போட்டு மெதுவாக விரித்தால், ஓட்டை இருக்கும் இடமெல்லாம் வெளிச்சப் புள்ளி தெரியும். ஒவ்வொரு மடிப்பாக, ஒவ்வொரு மூலையாகத் திருப்பிப் பார்த்தோம். இரண்டு மூலைகளில் மட்டும் ஒளி கசிந்தது. மடிப்புகளின் தோல் உயிரோடு இருந்தது, அட்டை நைந்துபோகவில்லை. இது பெரிய செய்தி. புதுத் துருத்தி வேண்டாம், ஒட்டுப்போட்டால் போதும் என்றால் செலவில் பெரும்பங்கு குறைந்தது.

இன்னொரு விஷயம் சுருதி. இன்று ஏ ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸில் வைப்பது வழக்கம், இந்தப் பெட்டி அதில் இல்லை. பிரிட்டனில் அந்தக் காலத்தில் ஏ ஸ்வரத்தை 452 வாக்கில் வைத்துச் சுருதி சேர்க்கும் வழக்கம் இருந்தது. பாண்டு வாத்தியக்காரர்களிடம் அது ரொம்ப காலம் நீடித்தது. கணக்குப் போட்டால் வித்தியாசம் அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய பாதி. நம் கணக்கில் கால் கட்டை. ஒரு கட்டை என்று நினைத்துப் பட்டனை அழுத்தினால் ஒன்றேகால் கேட்கும். தனியாக வைத்துப் பாடினால் பாடகர் தன்னால் ஏறிக்கொள்வார், பிரச்சினை இல்லை. ஹார்மோனியத்தோடு சேர்த்தால் காது கூசும். 440-க்கு இறக்க வேண்டுமானால் 96 ரீடையும் அடிப்பக்கம் சுரண்ட வேண்டும். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். ஏற்கெனவே அடியில் துருப்பிடித்த ரீடுகளை மேலும் அடியில் சுரண்டுவது எனக்குச் சம்மதமில்லை. வாங்குகிறவர் தனியாக வாசிப்பவராக இருந்தால் பழைய சுருதியிலேயே விட்டுவிடுவது பெட்டிக்கு நல்லது. ஆனால் இன்றைய சுருதியில் இல்லாதது விலையைக் குறைக்கும், அதை மறைக்கக் கூடாது.

காபி குடித்துக்கொண்டே கணக்கைத் தாளில் எழுதினேன். நான் பார்த்தவரை இந்த மாதிரி எஃகு ரீடு லாச்செனல் முழுக்கச் சரிசெய்து சுருதி சேர்த்து, விற்பனைக்குப் பிறகும் பொறுப்பேற்கும் கடையில் 600 முதல் 900 பவுன் வரை போகிறது. ஆசைக்கு ஆயிரம் இரண்டாயிரம் என்று போட்டு வருடக்கணக்கில் விற்காமல் இருக்கும் விளம்பர விலைகளை நான் கணக்கில் எடுப்பதில்லை, உண்மையில் கைமாறிய விலைதான் விலை. நடுவாக 700 வைத்தேன். புது ரீடு செய்வது, பேடு, வால்வு, கைவார், துருத்தி ஒட்டு, சுருதி எல்லாம் சேர்த்து அங்கே 300-க்கு மேல் ஆகும். மிச்சம் 400. கடைக்காரரின் பங்கு, அனுப்பும் செலவு, ஆபத்து எல்லாம் கழித்தால் 250 வாக்கில் நிற்கும். ஒரு பவுன் நூறு ரூபாய்க்கு மேல். ஆக இருபத்தைந்தாயிரத்தைக் கொஞ்சம் தாண்டும்.

ஆனால் அந்த லண்டன் கணக்கை அப்படியே மும்பைக்குக் கொண்டுவர முடியாது. இதை ரொம்பப் பேர் யோசிப்பதில்லை. 1972-ம் வருடத்துத் தொன்மைப்பொருட்கள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட கைவினைப் பொருட்கள் தொன்மைப்பொருள் என்ற வரையறைக்குள் வரக்கூடும். அப்படிப்பட்டதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. லண்டனில் செய்ததுதானே என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் தொல்லியல் துறையிடம் காட்டி, தொன்மைப்பொருள் இல்லை என்ற சான்று வாங்கிய பிறகுதான் அனுப்புவதைப் பற்றிப் பேசவே வேண்டும். ஆகவே இந்தியாவுக்குள் இருக்கும் வாங்குபவர்தான் நிஜமான வாங்குபவர். அவர்கள் எண்ணிக்கை குறைவு. சரிசெய்யும் கையும் குறைவு.

கை குறைவு என்றாலும் இல்லை என்று சொல்லமாட்டேன். பேடு, வால்வு, சுருதி, மூன்றையும் அனுபவமுள்ள ஹார்மோனியக்காரரிடம் கூட இருந்து செய்து வாங்கலாம். ரீடு சுரண்டும் கை அவர்களுக்குப் பழகிய கை. தோலுக்குத் தாராவிக்குப் போனால் போதும். திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே தோல் பதனிடும் தொழிலைத் தொடங்கிவைத்தவர்கள். இன்று பதனிடுவது பெரும்பாலும் வெளியூருக்குப் போய்விட்டாலும் தோல் வியாபாரம் நிற்கவில்லை. மெல்லிய ஆட்டுத்தோலைக் கையில் எடுத்து மடித்துப் பார்த்து, மடித்த இடத்தில் வெடிக்காததாகத் தேர்ந்தெடுத்து, ஓரத்தைச் சீவி இன்னும் மெலிதாக்கித் தரச் சொல்லலாம். துருத்தி மூலைக்கு ஒட்டுப்போட அது போதும். ஆனால் எஃகு ரீடு செய்துதர இங்கே எனக்கு ஆள் கிடைக்கவில்லை. குஜராத்தில் பாலிதானாவில் செய்யும் ரீடுகள் ஹார்மோனியத்துக்கான பித்தளை ரீடுகள்; அவற்றை இதில் மாட்ட முடியாது. அறுகோணத் துருத்தி முழுதாகப் புதிதாகச் செய்யவும் நான் கேட்ட ஹார்மோனியக்காரர் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால்தான் மும்பையில் வாங்கும்போது ரீடும் துருத்தியும் உயிரோடு இருக்கிறதா என்பதற்கு லண்டனில் கொடுப்பதைவிட அதிக எடை கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் இங்கேயே மலிவாக முடியும்.

இதையெல்லாம் வைத்து அந்த அம்மாவிடம் பதினெட்டாயிரத்திலிருந்து இருபத்திரண்டாயிரத்துக்குள் நியாயம் என்று சொன்னேன். வாசிக்கப் போகும் ஆளிடம் நேராகக் கொடுத்தால் அந்த விலை. வியாபாரியிடம் கொடுத்தால் எட்டு, பத்து என்று கேட்டாலும் அது அநியாயம் இல்லை. அவர் கடை வாடகை கொடுக்கிறார், வாங்குபவர் வரும்வரை பணத்தை முடக்கி வைக்கிறார், விற்காமல் போனால் நஷ்டம் அவருக்கு. ஆனால் மூவாயிரம் என்பது வாத்தியத்தின் விலை இல்லை, மரச் சாமானின் விலை. அதை நான் அழுத்திச் சொன்னேன்.

இங்கே ஒரு கேள்வி வரும், என்னிடமே சிலர் கேட்டிருக்கிறார்கள். விற்பவருக்கு மதிப்பு தெரியாது, நமக்குத் தெரியும். பேசாமல் மூவாயிரத்துக்கு வாங்கிக்கொண்டால் என்ன தப்பு? பேரம் என்பதே அதுதானே? கடைக்காரரிடம் என்றால் எனக்கும் பெரிய தயக்கமில்லை. வாங்கி விற்பது அவர் தொழில், தெரிந்துகொள்வதும் அவர் தொழில்தான். ஆனால் ஒரு குடும்பம் தன் வீட்டுப் பொருளை எடுத்து வைத்து, "நீங்களே சொல்லுங்க" என்று கேட்டால், அந்த நிமிஷத்திலிருந்து நான் வாங்குபவன் இல்லை. விலை சொல்பவனே வாங்கவும் செய்தால் அவன் சொன்ன விலையை யார் நம்புவது? ஆகவே நான் மதிப்புச் சொன்ன பெட்டியை நான் வாங்குவதில்லை. நல்ல சில பெட்டிகள் இதனால் கைநழுவிப் போயிருக்கின்றன, இந்த லாச்செனல் உட்பட. அதில் எனக்கு வருத்தம் உண்டு, மாற்றிக்கொள்ளும் எண்ணம் இல்லை.

வாங்கியது முலுண்டில் இருக்கும் ஒரு பையன். கிட்டார் வாசிப்பவன், கான்செர்டினா கற்றுக்கொள்ள ரொம்ப நாளாக ஆசைப்பட்டவன். புதிதாக வரும் ஆரம்பநிலைக் கான்செர்டினா விலையோடு ஒப்பிட்டு முதலில் தயங்கினான். அது சரியான தயக்கம்தான். புதுப் பெட்டி என்றால் முதல் நாளே வாசிக்கலாம், இதற்கு இன்னும் செலவு இருக்கிறது. அவனுக்கும் அதே தாளைத்தான் காட்டினேன். எந்தெந்த ரீடு அடியில் அரித்திருக்கிறது, எந்த ரீடு ஹார்மோனியத்துடையது, எந்த இரண்டு மூலையில் ஒளி கசிகிறது, சுருதி கால் கட்டை ஏறி நிற்கிறது என்று வரிசையாக எழுதியிருந்தது. புதுப் பெட்டிகளில் மலிவானவற்றில் இருப்பது பெரும்பாலும் அக்கார்டியன் ரீடு, ஒவ்வொன்றாகச் சட்டத்தில் பொருத்திய இந்தப் பழைய ரீடுகளின் குரல் அதில் வராது. இரண்டையும் வாசித்துக் காட்டினேன். முடிவை அவனிடமே விட்டுவிட்டேன்.

இருபதாயிரத்துக்குப் பேசி முடிந்தது. அந்த அம்மா இன்னும் குறைத்துக்கொடுக்கவும் தயாராக இருந்தார், "படிக்கிற பிள்ளதானே" என்று. வேண்டாம் அம்மா, இது சரியான விலை என்றேன். பையனும் அதையே சொன்னான். நான் எழுதிய தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டார்கள். பிறகு எதுவும் உடைந்தால் அது முன்பே இருந்ததா, புதிதாக வந்ததா என்று யாருக்கும் சண்டை வராது. பழைய பெட்டி வாங்குகிற எல்லோரும் இப்படி ஒரு தாள் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கினாலும் கேளுங்கள்; எழுதிக்கொடுக்க மறுக்கிறவரிடம் விலையைத் திரும்பவும் பேசலாம்.

பையன் இப்போது பேடுகளையும் வால்வுகளையும் மாற்றிவிட்டான், துருத்தி மூலைகளை நாங்கள் சேர்ந்து ஒட்டினோம். அரித்த ரீடுகளில் இரண்டு இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. அந்த ஸ்வரங்கள் வராத பாட்டாகப் பார்த்து வாசிக்கிறான், இங்கிலாந்திலிருந்து ரீடு வரவழைக்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறான்.